மூன்றாவது வளைவில் எடுத்த படம்

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. எழுதக் கூடாது என்றெல்லாம் இல்லை. என்ன எழுதுவது என்று யோசிப்பதிலேயே நாள் போய்விட்டது.

நான் முப்பது வருஷம் போட்டோ எடுத்த பார்க்கில் பழைய படங்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் திறக்கப் போகிறார்களாம். படகு சவாரிப் படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு என்னிடம் ஆள் அனுப்பினார்கள். அலமாரிக்கு மேலே கிடந்த இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கினேன். தும்மித் தும்மியே பாதி நாள் போயிற்று. கால்வாயின் மூன்றாவது வளைவு, வாயைத் திறந்துகொண்டு நிற்கும் சிமெண்ட் முதலை, அதன் பக்கத்தில் எனக்குப் போட்டுக் கொடுத்திருந்த பலகை மேடை, எல்லாம் படங்களில் அப்படியே இருக்கின்றன. படகில் வருகிறவர்கள் முதலையைப் பார்த்து அலறுகிற நேரத்தில் நான் எடுப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாசலில் அட்டை உறையில் போட்ட படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். நீகூட ஒருமுறை வந்து குழந்தையோடு எடுத்துக்கொண்டாயே.

மாப்பிள்ளை அங்கே படகு ஓட்டிய நாலு வருஷத்தில் எடுத்த ஆறு படங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். வெள்ளைத் தொப்பியும் நீலக் கழுத்துத் துணியுமாக, மோட்டார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிஜக் கப்பல் கேப்டன் கெட்டான். உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது.

மகளையும் அவள் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

ஜூன் 13

அண்ணனுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. உனக்குக் கை இருக்கிறது, பேனா பிடிக்கத் தெரியும் என்பதும் தெரிந்தது. சந்தோஷம்.

என் மகள் கல்யாணம் முடிந்து ஐந்து வருஷம் ஆகிறது. தாய்மாமன் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு அன்று நான் காய்ச்சல் என்றேன், கால்வலி என்றேன், கடைசியில் எனக்கே எந்த நோய் என்று மறந்துபோய் ஒருத்தரிடம் இரண்டையும் சொன்னேன். அதற்கு முன்னாலும் நீ வந்தால் செருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டு, அரை மணியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் மாப்பிள்ளை லிஃப்ட் ஓட்டுகிறவர், நீ பெரிய போட்டோகிராபர். நீ வாங்கிக் கொடுத்த வேலையை அவர் கெடுத்துக்கொண்டார், உன் பெயரையும் கெடுத்தார். அதனால்தானே எங்களை ஒதுக்கினாய்? ஒதுக்கினதை நேராகவே சொல்லியிருக்கலாம்.

படங்களை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நேற்றுதான் துடைத்திருந்தார். எனக்கும் வாய் சும்மா இருக்காதே. "தண்ணியில நேரா ஓட்டத் தெரியாதவரைக் கயித்துல தொங்க விட்டாங்க" என்று எப்போதும் சொல்கிற என் பழைய பாட்டைப் பாடினேன். அவரும் எப்போதும் போலச் சிரித்துவைத்தார்.

படகு கவிழ்ந்த அன்று நான் அங்கே இல்லை. அவர் கவனமில்லாமல் ஓட்டினார், ஒரு அம்மாவின் கை படகுக்கும் சிமெண்ட் கரைக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது என்று மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். அவரிடம் கேட்டால், ஆமாம், கவிழ்ந்துவிட்டது என்பார். அதற்கு மேல் இருபத்தாறு வருஷமாக ஒரு சொல் கிடையாது. நீ அனுப்பிய ஆறுமே அதற்கு முன்னால் எடுத்தவை. பின்னால் தேதி முத்திரை இருக்கிறது. அன்று நீ மேடையில்தானே நின்றிருப்பாய்? அன்றைக்கு எடுத்த படம் இருந்தால் அனுப்பு. என் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட நாளை ஒருமுறையாவது நானும் பார்க்கிறேன்.

தங்கச்சி

ஜூன் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு வராதது என் தப்பு. லிஃப்ட், போட்டோ என்றெல்லாம் நான் ஒருநாளும் நினைத்தது கிடையாது. மாப்பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

நீ கேட்ட படம் இல்லை. அன்றைய ஃபிலிமை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணைக்கு என்று வாங்கினது திரும்பி வரவில்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இனி அதைக் கிளறி என்ன ஆகப் போகிறது.

இங்கே வெயில் அதிகம். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்

ஜூன் 28

அண்ணனுக்கு,

நீ சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் உடனே வெயிலைப் பற்றிப் பேசுவாய்.

உன் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஃபிலிமை ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள் என்ற இடம் வந்ததும் அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி நம் தோளில் விழுந்தால் எப்படி அசையாமல் உட்கார்ந்திருப்போமோ, அப்படி உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "இனிமே இதை அவர்கிட்ட கேட்காதே" என்றார். ஏன் என்றேன். "கேட்காதேன்னா விட்டுடு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் இது செய், அது செய்யாதே என்று சொன்னதில்லை. இதுதான் முதல்.

உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. அது என்ன? அவர் வாயைத் திறக்க மாட்டார். நீ திறப்பாய். திறக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் நானே வந்து அந்தத் தகரப் பெட்டியைத் திறப்பேன்.

தங்கச்சி

ஜூலை 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாக ஏதாவது ஒரு வரி எப்படியோ நுழைந்துவிடுகிறது. இந்த முறை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

படம் இருக்கிறது. என்னிடம்தான் இருந்தது. இதற்குள் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் பார்.

படகில் நாலு வரிசை. பின்னால் உட்காருகிறவர்களின் முகம் முன்னால் இருப்பவர்களின் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். என் முகமே விழவில்லை என்று சாயங்காலம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படகு வளைவுக்கு வந்ததும் விசில் ஊதி, இரண்டு கையையும் ஆட்டி, எல்லாரும் முதலைப் பக்கம் வந்து எழுந்து நில்லுங்கள் என்று கத்துவேன். எழுந்து நிற்கக் கூடாது என்பது பார்க்கின் விதி. படகுத்துறையில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். ஆனால் எழுந்து நின்றால் படம் நன்றாக வந்தது.

மாப்பிள்ளை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொன்னது சாப்பாட்டு நேரத்தில், தொழிலாளர் கொட்டகையில். "மச்சான், எழுந்து நிக்கச் சொல்லாதீங்க. படகு ஒரு பக்கமா இழுக்குது, என் கைக்கு நிக்க மாட்டேங்குது." நாலு பேர் முன்னால் அவர் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று இருந்தது எனக்கு. அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தானே. "நீங்க படகைப் பாருங்க, படத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. நான் விசில் ஊதினேன். பதினாலு பேரும் எழுந்து ஒரே பக்கத்துக்கு வந்தார்கள். நான் எடுத்தேன். எடுத்து முடித்துக் கண்ணைக் கேமராவிலிருந்து எடுப்பதற்குள் படகு சாய்ந்துவிட்டது. தண்ணீர் இடுப்பளவுதான். மற்றவர்கள் நனைந்ததோடு எழுந்து நின்றார்கள். அந்த அம்மா மட்டும் விழும்போது கரையைப் பிடித்திருக்கிறார். திரும்பி வந்த படகு அவருடைய கை மேல் மோதியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவர் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் என்று பிறகு தெரிந்தது. முதலில் தண்ணீரில் குதித்து அவரைத் தூக்கி வந்தது மாப்பிள்ளை. நான் மேடையிலேயே நின்றிருந்தேன்.

மூன்றாம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என்ன நடந்தது என்று அவரைக் கேட்டார்கள். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "போட்டோகிராபர் நேர்ல பாத்தவர். அவரையே கேளுங்க" என்றார். நானே சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பினார். என்னைக் கேட்டார்கள்.

"நான் ஃபிலிம் மாத்திக்கிட்டு குனிஞ்சிருந்தேன். பாக்கலை" என்றேன்.

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. ரயிலில் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம்தான் ஃபிலிமைக் கழுவினேன். இருட்டறையில் தட்டில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பதினாலு பேரும் சிரிக்கிறார்கள். ஒரு முகம்கூட மறையவில்லை. பின்னால் மாப்பிள்ளை ஒரு கையால் கைப்பிடியை இழுத்துக்கொண்டு, மறு கையை நீட்டி, உட்காருங்கள் என்று கத்துகிறார். அந்த நொடியே அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. ஏன் என்று எழுதத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கிழிக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் இருபது வருஷம் அதே மேடையில் நின்றேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளைதான் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பார். அந்த டம்ளரை வாங்க என் கை வராது. அதனால்தான் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு வராததும் அதனால்தான்.

ஆறு படம் அனுப்பினால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தேன். வீட்டையே கொள்ளையடித்தவன் ஜன்னல் கொக்கியைத் திருப்பிக் கொடுத்த கதைதான்.

உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது. எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

அண்ணன்

ஜூலை 21

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தையும் படத்தையும் பார்த்தேன்.

அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். படத்தை மேஜை மேல் வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார். "எல்லாரும் எப்படிச் சிரிக்கறாங்க பாரு" என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குன்னு பொறந்த வீட்டுல மிச்சம் இருந்தது அந்த ஒரு அண்ணன். அதையும் எடுத்துட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

நான் வாய்க்கு வந்தபடி பேசினபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல ஓஞ்சிடுவே. அவரைத் திட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டே" என்றார். சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். சட்டையில் ஒரு கை பாக்கி இருந்தது.

நீங்கள் செய்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் செய்ததை யார் எழுதுவது? சம்பந்தி வீட்டார் முதன்முதலாக வந்த அன்று அந்த லிஃப்ட் வேடிக்கையை நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே தானும் சிரித்தார். என் மகளுக்கு ஐந்து வயசு இருக்கும்போது அவருடைய சைக்கிளில் ஏற மாட்டேன் என்று அழுவாள். அப்பா கவிழ்த்துவிடுவாராம். அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். அவள் பக்கத்தில் நடந்து வருவாள். ஒரு வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு பொய் சொன்னீர்கள். அதை நான் இருபத்தாறு வருஷம் நாள் தவறாமல் ஒப்பித்தேன்.

உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம் பாதி வழியில் என் மேலேயே திரும்பிவிடுகிறது. அதற்காக உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

படத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதை எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போங்கள். எந்த அறையில் பார்க்கவில்லை என்று சொன்னீர்களோ அங்கே போய், பார்த்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

போனேன்.

அந்த அறையே இப்போது இல்லை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே டிக்கெட் கவுண்டர் கட்டியிருக்கிறார்கள். கால்வாயையும் மூடிவிட்டார்கள். புது மேனேஜர் உன் மகள் வயசுப் பெண். நல்ல பெண். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் கொண்டு போன படங்களை மேஜையில் பரப்பினாள். நேராக அந்தப் படத்தைத்தான் கையில் எடுத்தாள்.

"சார், இது என்ன அருமையா இருக்கு! எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. இதைத்தான் பெரிசா வாசல்லயே மாட்டணும்."

அடுத்த நொடி என்ன நடந்தது என்று சொன்னேன். விசில் ஊதினது யார் என்று சொன்னேன். விசாரணையில் என்ன சொன்னேன் என்றும் சொன்னேன். வெளியே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. அவள் படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு போய்ப் பார்த்தீர்களா என்றாள். இல்லை என்றேன். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போய்ப் பார்த்தார் என்று அப்போது கொட்டகையில் பேசிக்கொண்டது எனக்கு நினைவு வந்தது. அதையும் சொன்னேன்.

அந்தக் காலத்துக் கோப்பு எதுவும் இல்லையாம். கட்டடம் இடித்தபோது பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். திருத்த வேண்டிய காகிதமே இல்லை என்றாள். நான் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். அது மாப்பிள்ளையுடையது. படங்கள் எதையும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவளுக்கு வருத்தம்தான்.

வெளியே வந்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. யார் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ அந்த முகம் அங்கே இல்லையே.

நான் அங்கே வரலாமா? மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. அவர் வேண்டாம் என்றால் வர மாட்டேன். வரச் சொன்னாலும் உங்கள் தெருவில் எப்படி இறங்கி நடப்பேன் என்று தெரியவில்லை.

அண்ணன்

ஆகஸ்ட் 19

அண்ணா,

உன் காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். "மச்சான் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறார். ஒரு வாரமாக இதுதான் நடக்கிறது.

உன்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. என்னை மன்னித்தாரா என்பதையே இன்னும் கேட்கவில்லை. தொண்டை வரைக்கும் வருகிறது, அவர் திரும்பிப் பார்த்ததும் காய்கறி என்ன வாங்க என்று கேட்டுவிடுகிறேன். நேற்றுக் காலை அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி அவருடைய சட்டைக்கு நானே போட்டேன். "என்ன புதுசா?" என்றார். சும்மாதான் என்றேன். இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு சட்டை.

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் கொடு என்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மாடிக்குப் போய்விட்டேன்.

நீ வரலாமா என்று அவரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். பதினோரு மணி பஸ்ஸைப் பிடி. எங்கள் தெரு உனக்கு மறந்திருக்கும், நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றார்.

"நீ வீட்டுலயே இரு, நான் போறேன். அவருக்குப் பயம் என் மூஞ்சியைப் பாக்கத்தான். அதை பஸ் ஸ்டாப்புலயே முடிச்சிட்டா, வீட்டுக்குள்ள வந்து ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிடலாம்."

தங்கச்சி